தடம் இல்லாத இரத்தம்

“வைரஸ் போயிருச்சு மேடம். அப்புறமும் ஏன் வாயைத் திறக்கக் கூடாதுங்கறீங்க?”

டாக்டர் ஜெபமணி கேட்டார்.

டாக்டர் அங்கயற்கண்ணி அவர் நீட்டிய அறிக்கையை வாங்கினார். ஒருமுறை படித்தார். மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.



ஜெபமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. அங்கயற்கண்ணிக்கு நாற்பது. ஆனாலும் அந்த அம்மாளைத்தான் ஜெபமணி தன் ஆசிரியராக வரித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் இருபத்தைந்து வருடம் சின்ன ஊர் ஒன்றில் மருத்துவம் பார்த்தவர். கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி வருகிறவர்களுக்கு நீரை இறக்கிவிடுவார். உறவுக்காரர்களைத் தனியே அழைத்து இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசுவார். வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பியவர்களில் அவருடைய தம்பியும் ஒருவன். ஹெபடைடிஸ் பி.

தம்பியைப் புதைத்த மாதமே கிளினிக்கை மூடினார். கடலோரத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரிடம் பாடம் கேட்க உட்கார்ந்தார்.

அங்கே ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மாதம் ஓர் ஊசி, தினமும் ஒரு மாத்திரை. அறுபத்திரண்டு நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்.

மாதாமாதம் கல்லீரலைச் சோதிப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் வைரஸைத் தேடுவார்கள்.

ஆறாம் மாதத்தில் நாற்பத்தேழாம் எண்ணின் இரத்தத்தில் வைரஸ் இல்லை. அதன் மேலுறைப் புரதமும் இல்லை. உலகத்தில் எத்தனையோ பேர் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த விஷயம் அது.

நாற்பத்தேழு என்பது பேச்சித்தாய். உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். சங்குமுனை என்ற ஊர்.

அன்று காலை அந்த அறிக்கையைப் பார்த்ததும் ஜெபமணி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தம்பி பெயரைச் சொல்லி அழுதிருந்தார்.

இப்போது அது கவிழ்ந்து கிடந்தது.

“இன்னொரு டெஸ்ட் போடச் சொல்லியிருந்தேன்” என்றார் அங்கயற்கண்ணி. “இந்த வைரஸ் உடம்பை விட்டுப் போனாலும் அதோட தடம் போகாது. ஆயுசுக்கும் இரத்தத்துல ஒரு எதிர்ப்பொருள் நின்னிருக்கும். இதுல அது இல்லை.”

“லேப்ல தப்பு நடந்திருக்கும்.”

“மூணு தடவை பார்த்தாச்சு. ஒண்ணுமே இல்லை. வந்து போன இரத்தம் மாதிரி இல்லை, சார். வைரஸ் வரவே வராத இரத்தம் மாதிரி இருக்கு.”

“பத்து வருஷமா அவங்களுக்கு நோய் இருக்கு. மருந்து ஆரம்பிக்கும்போது நாமதானே டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம்.”

“பார்த்தோம்.”

அங்கயற்கண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவங்க வீட்டுக்குப் போங்க. ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வாங்க.”

“என்ன கேக்கணும்?”

“தண்ணி கேளுங்க.”

தண்டனை என்றுதான் ஜெபமணி நினைத்தார். ஆனாலும் காரை எடுத்தார்.

சங்குமுனைக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

சுற்றிலும் பாத்தி பாத்தியாக உப்பு. வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. தூரத்தில் உப்பு வாரும் பெண்கள் கானலில் கால் இல்லாமல் நின்றார்கள். அவர்களுக்குக் கீழே தண்ணீரில் இன்னும் சில பெண்கள் தலைகீழாக உப்பு வாரினார்கள். காற்று இல்லை. வாருபலகை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வரப்பில் ஒரு பெண் நின்றிருந்தாள். பேச்சித்தாயைப் பார்க்க வேண்டும் என்றார்.

அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். அப்புறம் கையை நீட்டினாள்.

நீட்டிய திசையில் வீடே இல்லை. நாலைந்து உடைமரமும் அதற்கடியில் சில மண்மேடுகளும் இருந்தன. ஒன்று மட்டும் புதிது. அதன் மேலும் உப்பு பூத்திருந்தது.

சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று ஜெபமணி மறுபடியும், வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அவள் இந்தத் தடவை வேறு பக்கம் காட்டினாள். காட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெபமணி திரும்பி அந்த மேட்டைப் பார்க்காமல் நடந்தார்.

ஓலைக் கதவைத் திறந்தது பேச்சித்தாயேதான்.

அதே முகம். இடது புருவத்துக்கு மேல் அதே மரு. போன மாதம் ஊசிக்கு வந்தபோது கட்டியிருந்த அதே கத்தரிப்பூச் சேலை. அவருக்கு மூச்சு வந்தது. தன் பயத்தை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது.

“வாங்க டாக்டரய்யா” என்றாள். “உள்ள வாங்க, வெயிலா இருக்கு.”

உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அவள் குடத்தைச் சரித்து டம்ளரில் கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து குடித்தார்.

அண்ணாந்தபோது எதிர்ச் சுவர் தெரிந்தது.

சுவரில் ஒரு படம். படத்தில் அவள். படத்துக்கு மாலை.

தண்ணீர் புரையேறியது. இருமி அடங்கும்வரை அவள் அவருடைய தலையைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

“இது யாரு?”

“பேச்சித்தாய்.”

“அப்போ நீங்க?”

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“இங்க மாரிக்கனி. அங்க வந்தா நானும் பேச்சித்தாய்தான்.”

இரட்டைப் பிள்ளைகள். ஒரே பிரசவத்தில் கால் மணி நேரம் முன்னே பின்னே பிறந்தவர்கள். பேச்சித்தாயின் புருஷனிடமிருந்து அவளுக்கு நோய் வந்தது. மாரிக்கனி கல்யாணம் கட்டவில்லை. அவளுக்கு எதுவும் வரவில்லை.

மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு போன பத்தாம் நாள், விடிகிற நேரத்தில் பேச்சித்தாய் இரத்த வாந்தி எடுத்தாள். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. போகும்போது தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊசிக்குப் போற தேதியை விட்டுராதே என்றாள். தான் ஒரு நாளும் தவறாமல் போனவள் என்பதில் அவளுக்குப் பெருமை.

அந்தத் தேதியில் மாரிக்கனி அட்டையை எடுத்துக்கொண்டு போனது, அக்கா இறந்துவிட்டாள் என்று சொல்லத்தான்.

“வாசல்ல நர்ஸம்மா சிரிச்சிட்டு, வாங்க பேச்சித்தாய், எப்படி இருக்கீங்கன்னாங்க. அவ போனதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்லலைய்யா. சொன்னா வந்துருவான்னு பயம். அங்க வாயாரக் கூப்பிட்டாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன்.”

படத்தின் மாலையை நேராக்கிவிட்டாள்.

“சொன்னதும் அவ நல்லா இருந்தா.”

ஜெபமணி டம்ளரைத் தரையில் வைத்தார்.

“மாத்திரையெல்லாம் என்ன செஞ்சீங்க?”

“சாப்பிட்டேன். நீங்க எண்ணிப் பார்ப்பீங்கள்ல.”

“ஊசி?”

“மூணும் போட்டாச்சு. அவ போட்டுக்கணும்ல.”

“பதிவேட்டுல கையெழுத்து யார் போட்டது? நீங்க படிச்சிருக்கீங்களா?”

“நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. எங்க போனாலும் ரேகைதான் வைப்பேன்.” அவள் சர்வ சாதாரணமாகச் சொன்னாள்: “அங்க கையெழுத்து அவ போட்டா.”

வெளியே உப்பு வாரும் சத்தம் நின்றிருந்தது. சாப்பாட்டு நேரம்.

மாரிக்கனி வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டாள்.

“ரெண்டு மாசமா அவளுக்கு வலிச்ச இடத்துல எனக்கு வலிக்குது. அவளுக்கு வந்த மாதிரியே ராத்திரி பூரா உடம்பு அரிக்குது. பிடிச்ச மீன் பிடிக்கலை. உள்ள வந்து உக்காந்துட்டாய்யா. எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு.”

அப்போதுதான் ஜெபமணி அவளைக் கதவோரம் வெளிச்சத்துக்கு வரச் சொன்னார். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

கண் மஞ்சளாக இருந்தது.

நாற்பத்தேழாம் எண்ணின் கல்லீரல் கணக்கு அவருக்கு மனப்பாடம். நாலாம் மாதம் எல்லாம் சரியான அளவுக்கு இறங்கியது. ஐந்தாம் மாதம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் ஏறியது. ஆறாம் மாதம் இரண்டு மடங்கு. ஏறியதைப் பார்த்து அவர் பயப்படவில்லை. உடம்பு விழித்துக்கொண்டு வைரஸோடு சண்டை போடுகிறது என்று பக்கத்தில் பச்சை மையால் குறித்தார். சிலருக்கு அப்படி நடப்பதுண்டு. குணமாவதற்கு முன்னால் ஏறும்.

ஆனால் இவளிடம் சண்டை போட வைரஸே இல்லை.

இன்னும் ஒன்பது பேருக்கு அப்படி ஏறியிருந்தது. ஒன்பது பேருக்கும் பச்சை மையால்தான் குறித்திருந்தார்.

மிச்சமிருந்த மாத்திரைகளை வாங்கிக்கொண்டார். மாரிக்கனியை வண்டியில் ஏறச் சொன்னார். அவள் மறுக்கவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்று, வாரேன் என்று சொல்லவில்லை, வா என்றாள். வந்து பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தாள்.

இருபது மைல். ஜெபமணி ஒரு தடவைகூடக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்கவில்லை.

நிலையத்தில் அன்று ஊசி போடும் நாள். பதினோரு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள்.

அங்கயற்கண்ணி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். ஜெபமணி சொல்லி முடித்ததும் ஊசி அறைக்குப் போனார். நர்ஸ் ஒருவருக்கு மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் அந்த ஊசியை அவள் கையிலிருந்து வாங்கினார். வெளியே வந்து, இன்றைக்கு யாருக்கும் ஊசி இல்லை, மாத்திரையும் வேண்டாம், எல்லோருக்கும் மறுபடி இரத்தம் பார்க்கப் போகிறோம் என்றார். ஏன் என்று பெஞ்சில் ஒருவர் கேட்டார். இந்த மருந்து உங்களுக்குக் கெடுதல் செய்கிறதோ என்று எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது என்று அவரிடமே சொன்னார்.

மாலைக்குள் அறுபத்தொரு பேருக்கும் தகவல் போனது. நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் போனது. நாற்பத்தேழாம் எண்ணுக்கு எதிரே இறந்த தேதி எழுதப்பட்டது.

எழுதும்போது இருவரும் கையெழுத்துகளைப் பார்த்தார்கள். ஆறு மாதம், ஆறு கையெழுத்து. முதல் மூன்று உயிரோடு இருந்தவள் போட்டது. அடுத்த மூன்றும் அதேதான். ‘ச்’சின் புள்ளியைத் தள்ளி வைக்கிற பழக்கம்கூட அதேதான்.

“இதுக்கு என்ன அர்த்தம்?” என்றார் ஜெபமணி.

“தெரியலை.”

“பேச்சித்தாய் செத்தது நோயாலயா, நம்ம மருந்தாலயா?”

“அதுவும் தெரியலை.”

“நான் பச்சை மையில எழுதினேனே.”

அங்கயற்கண்ணி அவரைப் பார்த்தார். கோபம் இல்லை. இரக்கமும் இல்லை.

“ஆமா. எழுதினீங்க.”

அந்த ஒன்பது பேர் வீட்டுக்கும் ஜெபமணியே போனார். நான் நல்ல அறிகுறி என்று நினைத்தேன், அது தப்பு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒருவர் அவரை வாசலோடு அனுப்பினார். ஒருவருடைய மனைவி கேட்டுக் கேட்டு அழுதாள். எட்டுப் பேருக்குச் சில வாரங்களில் என்சைம் இறங்கியது. பன்னிரண்டாம் எண் மட்டும் மருத்துவமனையில் ஒரு மாதம் கிடந்து பிழைத்தார்.

மாரிக்கனி வாரம் ஒருமுறை வந்தாள். வாசலில் யாரும் அவளைப் பேச்சித்தாய் என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள், குனிந்துகொண்டு போனாள்.

ஏழாவது வாரம் இரத்தம் எல்லாம் சரியாக இருந்தது. கண் வெளுத்துவிட்டது. அரிப்பு இல்லை, வலி இல்லை. மீன் பிடிக்கிறது என்றாள்.

கல்லீரல் முழுசாகத் தேறிவிட்டது, இனிமேல் வர வேண்டாம் என்று ஜெபமணி சொன்னார்.

அவள் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை. விலாவுக்குக் கீழே மெல்ல அமுக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி அமுக்கினாள். தொலைந்ததைத் துழாவுகிற மாதிரி இருந்தது.

“வலி போயிட்டு” என்றாள். “அப்போ அவளும் போயிட்டாளா?”

ஜெபமணி வாயைத் திறந்தார். இருபத்தைந்து வருடம் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள் தயாராக இருந்தன. உங்க கூடவேதான் இருப்பாங்கம்மா. எங்கயும் போக மாட்டாங்க.

அவர் தன் ஆசிரியரைப் பார்த்தார்.

“போயிட்டாங்க” என்றார் அங்கயற்கண்ணி.



“எப்போ?” என்று மாரிக்கனி கேட்டாள்.

இந்தத் தடவை ஜெபமணிதான் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

“அஞ்சு மாசம் ஆச்சும்மா. விடியற நேரம். நீங்கதான் கையைப் பிடிச்சிட்டு இருந்தீங்க.”

மாரிக்கனி தன் கையை விரித்துப் பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள்.