குங்கிலிய மரத்துக்காக ஒரு கோரிக்கை

மேற்கு மலைக்காட்டில் நரியார் மரம் வெட்டும் காண்டிராக்ட் எடுத்திருந்தார். யானைகள் மரத்தைச் சாய்த்து, இழுத்துவந்து ஆற்றோரம் அடுக்கும். கூலியாகக் கீழ்நாட்டுக் கரும்பு கிடைக்கும். “மரம் விழுந்தால் ரோடு வரும், ரோடு வந்தால் சந்தை வரும், சந்தை வந்தால் எவன் வயிறு காயும்?” என்பார் நரியார்.

ரோடு வந்தது. சந்தையும் வந்தது. கரும்புக்கட்டு மட்டும் மாதத்துக்கு மாதம் இளைத்துக்கொண்டே போனது.

யானைகள் சங்கம் சேர்ந்தன. தலைவன் கொம்பையன், சங்கிலி அறுத்த புண் அவன் நெஞ்சில் ஆறவே இல்லை. கூலி இரட்டிப்பாகும்வரை ஒரு மரமும் சாயாது என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

இருவாச்சிப் பறவை ஒன்றும் சங்கத்தில் இருந்தது. வேலைநிறுத்தத்தை உடைக்க நரியார் அடுத்த மலையிலிருந்து கருங்காலி யானைகளைக் கூட்டிவருகிறாரா என்று மேலேயிருந்து பார்ப்பது அவன் வேலை. பசித்த குட்டி யானைகளுக்கு அத்திப்பழமும் கொண்டுவந்து போடுவான்.

அவன் மனைவி பூவாள் ஒரு குங்கிலிய மரப் பொந்தில் அடைகாத்தாள். இருவாச்சிகளின் வழக்கப்படி பொந்தின் வாயை மண்ணும் எச்சமும் குழைத்து அடைத்தாயிற்று. அலகு நுழைய ஒரு பிளவுதான் மிச்சம். உள்ளே போனவள் பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிட்டாள். அந்த மரத்தில் நரியார் வெட்டுக்குறி போட்டிருந்தார். வேலைநிறுத்தம் நீடித்தவரை மரம் நின்றது.

பேச்சுவார்த்தைக்குக் கிளம்பியபோது இருவாச்சி கொம்பையனிடம் வந்தான். “அண்ணே, கூலியோட இதையும் கேளுங்க. கூடு இருக்கிற மரத்தைக் குஞ்சு பறக்கிறவரைக்கும் தொடக்கூடாது.”

“நிக்கிற மரத்துக்கு எவன் கரும்பு தருவான்?” என்றது ஓர் இளவட்ட யானை. சிலர் சிரித்தார்கள்.

கொம்பையன் சிரிக்கவில்லை. “நீ செஞ்சதை மறக்கல தம்பி. ஆனா கோரிக்கை கூடினா நரி எதையும் தராது. முதல்ல கூலி. ஜெயிச்சபிறகு மரத்தைப் பேசுவோம்.”

நியாயமாகத்தான் பட்டது. இருவாச்சி தலையசைத்தான்.

நரியார் இரட்டிப்புக் கூலிக்கு இணங்கினார். குறிபோட்ட மரமெல்லாம் மழைக்குமுன் ஆற்றோரம் சேர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கொம்பையன் ஒப்புக்கொண்டான். யானைகளின் பிளிறல் மலையுச்சிவரை கேட்டது.

என்ன சத்தம் என்று பொந்துக்குள்ளிருந்து பூவாள் கேட்டாள்.

“ஜெயிச்சுட்டோம்.”

“அப்ப நம்ம மரம்?”

அவன் பழத்தைப் பிளவுக்குள் நீட்டினான்.

ஆனி பிறக்குமுன் யானைகள் அந்த மரத்தடிக்கு வந்தன. கொம்பையன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “கூட்டிட்டுப் போயிடு தம்பி. கொஞ்சம் நிக்கிறேன்.”

“இறகில்லாதவளை எங்கே கூட்டிட்டுப் போறது?”

மேகம் கறுப்பதைக் காட்டி நரியார் கனைத்தார். கொம்பையன் நெற்றியை மரத்தில் வைத்தான். வெளியிலிருந்து இருவாச்சி கொத்தினான். உள்ளிருந்து பூவாள் கொத்தினாள். வெயிலில் காய்ந்த அந்தச் சுவர் கல்லாகியிருந்தது. பிளவு அகலுமுன் மரம் சாய்ந்தது.

இரட்டிப்புக் கூலிக்கு வெட்டு தொடர்ந்தது; மழை முடிந்தபோது குறிபோட்ட மரமும் இல்லை, போடாததும் இல்லை. நரியார் அடுத்த மலைக்குப் போய்விட்டார். கரும்பு நின்றது, தழை தின்னவோ காடில்லை. சங்கம் கூடியது. ஒருவர்கூட வராமல் இல்லை. மறுபடி வேலைநிறுத்தம் செய்வோம் என்றது இளவட்டம்.

“நிறுத்த வேலை எங்கேடா இருக்கு?” என்றாள் ஒரு பெண் யானை.

காடு எங்காவது மிச்சமிருக்கிறதா, பார்த்துச் சொல் என்று கொம்பையன் இருவாச்சியைக் கெஞ்சினான். அவன் பறந்தான். அடுத்த மலையில் வேறு யானைகள் கூலி உயர்வு கேட்டு உட்கார்ந்திருந்தன. குறிபோட்ட மரம் ஒன்றின் பிளவில் ஓர் அலகு தெரிந்தது.

இருவாச்சி திரும்பவில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே இறங்கினான்.

கூலிக்காகச் சேர்ந்து நின்றவர்கள் அந்தக் கூலியைத் தரும் காட்டுக்காகவும் சேர்ந்து நிற்காவிட்டால், அவர்கள் வெற்றி ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.