சாட்சிக்கு வந்த கடற்பசு

பூவாயி என்ற கடற்பசு தன் கன்று சொக்கியோடு கடலடிப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தாள். இடம், மன்னார் வளைகுடாவில் ஆளில்லாத ஒரு தீவின் ஓரம். பக்கத்திலேயே பெரிய பவளப்பாறை.

கடற்பசு என்றதும் கொம்பும் கழுத்து மணியுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உருண்டு திரண்ட சாம்பல் உடம்பு, முன்னால் இரண்டு துடுப்பு, பின்னால் அகன்ற வால், தொங்கும் பெரிய உதடு. இவ்வளவுதான் பூவாயி. புல் தின்பாள், கன்றுக்குப் பால் கொடுப்பாள், அவ்வப்போது மேலே போய் மூக்கை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு வருவாள். யார் வம்புக்கும் போகமாட்டாள். வம்புதான் அவளைத் தேடி வந்தது.

அந்தப் பாறையில் ஒரு சபை இருந்தது. நீரோட்டம் ஓய்ந்து கடல் அசையாமல் நிற்கும் கொஞ்ச நேரத்தில் சபை கூடும். ஓட்டம் திரும்பியதும் கலையும். ஒருவர் பேசும்போது யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது சபை வழக்கம். செவுள் வைத்திருக்கிறவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்? இருந்த இடத்திலேயே வாயைத் திறந்து மூடினால் மூச்சு ஓடிவிடும்.

சபையில் பெரிய தலை கலவாயார். கலவாய் மீன்களிலேயே பெரிய உடம்பு, பாதி முகத்துக்கு வாய். தன் குகையைவிட்டு வெளியே வருவதென்றால் அவருக்கு உடம்பு வணங்காது. குகை வாசலில் இருந்தபடியே அவர் சொல்வது ஒன்றுதான். எல்லா உயிரையும் படைத்தவன் ஒரே நாளில் படைத்தான், அன்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கிறது, எதையும் அவன் வீணாகப் படைக்கவில்லை.

அவருக்கு எதிர்க்கட்சி கொடுக்கன் என்ற நண்டு. உயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறித்தான் இன்றைய உருவத்துக்கு வந்தன, பிழைக்க எது உதவியதோ அது நிலைத்தது, மற்றது போய்விட்டது என்பது அவன் கட்சி. எட்டுக் கால் இருந்தும் இந்த விஷயத்தில் அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

நெத்திலிக் கூட்டம் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம். கலவாயார் பேசி முடித்தால் அந்தப் பக்கம் திரும்பித் தலையாட்டும். கொடுக்கன் பேசி முடித்தால் மொத்தமாக இந்தப் பக்கம் திரும்பும்.

ஒருநாள் கொடுக்கன் கலவாயாரின் வயிற்றிலேயே கை வைத்தான். கலவாய் மீன்கள் இளமையில் பெண்ணாக இருந்து முட்டையிடும், வயதானதும் ஆணாக மாறிவிடும். இது அந்தக் கடலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மாறவே மாறாது என்கிறவர் முதலில் தன் கதையைச் சொல்லட்டும் என்று அவன் கேட்டதும் சபை கொல்லென்று சிரித்தது. கலவாயாரின் முகம் சிவந்தது. அதுவும் படைத்தவன் சித்தம்தான் என்று சொல்லிச் சமாளித்தார். அன்றிலிருந்து இருவருக்கும் வாதம் போய் வீம்பு வந்துவிட்டது.

இரண்டு கட்சிக்கும் பிடித்த சாட்சி பூவாயிதான். கடலில் ஒரு பசு, அதுவும் காற்றுக்கு மேலே போகிற பசு. விட்டுவிடுவார்களா?

அவள் மேலே போவது படைத்தவனுக்கு நன்றி சொல்ல என்றார் கலவாயார். அதற்காகவே அவளுக்குச் செவுள் வைக்கவில்லையாம். அவளுடைய முன்னோர்கள் கரையில் நடந்து புல் மேய்ந்தவர்கள் என்றான் கொடுக்கன். பால் கொடுப்பதும் காற்றைத் தேடுவதும் அந்தப் பழைய வாழ்க்கையின் மிச்சம், துடுப்புக்குள் இன்னும் ஐந்து விரல் எலும்பு இருக்கிறது என்றான். இருவரும் அவளைச் சபைக்கு நடுவில் நிற்க வைப்பார்கள். பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் அவளுக்கு மூச்சு முட்டும். பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவாள். சாட்சி இல்லாத இடத்தைப் பார்த்து மீதியைப் பேச வேண்டியிருக்கும். மரியாதை தெரியாதவள் என்று சபை முணுமுணுத்தது.

பூவாயிக்கு அலுத்துவிட்டது. எனக்கு மேயணும், பிள்ளைக்குப் பால் கொடுக்கணும், உங்கள் வழக்குக்கு நான் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"அப்ப நான் போறேம்மா" என்றாள் சொக்கி.

தங்களைப் பற்றி ஒரு சபையே பேசுகிறது என்றதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பூவாயிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஆனால் கன்று உதட்டைப் பிதுக்கியதும் மனசு கேட்கவில்லை. மூச்சு முட்டினால் யாரையும் கேட்காதே, விருட்டென்று மேலே வந்துவிடு என்று படித்துப் படித்துச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். சொக்கியைச் சபையில் விட்டுவிட்டு, தான் மட்டும் காற்று வாங்க மேலே போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஒரு அதிசயம் நடந்தது. கலவாயாரும் கொடுக்கனும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். தாயைப் போல இவளும் பாதியில் எழுந்து ஓடிவிடக்கூடாது, இன்றாவது பேச்சு முழுதாக முடிய வேண்டும் என்று இருவருமே நினைத்தார்கள். பாறையில் சொக்கி நுழையும் அளவுக்கு ஒரு பொந்து இருந்தது. எப்போதோ அறுந்து வந்த நைலான் வலை ஒன்று அதன் வாயில் திரைபோலத் தொங்கியது. சாட்சிக்கு இதைவிடக் கௌரவமான இடம் உண்டா என்று கலவாயார் கேட்டார். நெத்திலிகள் இல்லை என்று தலையாட்டின. சொக்கி பெருமையோடு வலையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றாள்.

பூவாயி திரும்பி வந்தபோது கொடுக்கன் பாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். வலைக்குப் பின்னால் சொக்கியின் முகம் தெரிந்தது. அந்தக் கண்களைப் பார்த்ததுமே பூவாயிக்குப் புரிந்துவிட்டது.

சொக்கிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நேரமாகிவிட்டது. பெரியவர்கள் பேசும்போது நகர்ந்தால் தப்போ என்று அடக்கிப் பார்த்தாள். முடியாமல் திரும்பியபோது துடுப்பு வலையில் மாட்டிக்கொண்டது. உதறினாள். வலை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது.

பூவாயி பாய்ந்து போய் வலையைப் பிடித்து இழுத்தாள். புல்லைப் பிடுங்குகிற வாய்க்கு நைலான் மசியுமா? வலையின் மறுமுனை ஒரு கல்லுக்கு அடியில் சிக்கியிருந்தது. ஐயோ, பிள்ளைக்குக் காற்று வேண்டும், யாராவது வாருங்கள் என்று கதறினாள்.

சபை அசையவில்லை. அசைவது வழக்கமில்லையே.

"நல்லாப் பாத்துக்குங்க" என்றான் கொடுக்கன். "காத்து இல்லாம இவளால இருக்க முடியாதுன்னுதான் நானும் இத்தனை நாளாச் சொல்றேன். கண்ணு முன்னாடியே தெரியப்போகுது."

"கடலுக்குன்னு படைச்ச உயிர் கடல்ல சாகாது" என்றார் கலவாயார். "பொறுமையாப் பாருங்க. என் பக்கம்தான் ஜெயிக்கும்."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சுத் திணறல் என்றால் என்னவென்று அந்தப் பாறையில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கு அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். பூவாயிக்கோ அது பெற்ற பிள்ளையின் உயிர். அவளுக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் வாலால் அறைந்து தள்ளியிருப்பாள். அறைந்தால் பிள்ளை பிழைக்குமா? சொக்கியின் உதறல் குறைந்துகொண்டே வந்தது.

இவர்கள் காதில் தாயின் அழுகை ஏறாது, வாதம் மட்டும்தான் ஏறும் என்று பூவாயிக்கு அந்த நேரத்தில் பளிச்சென்று பட்டது. அவள் சபைக்கு நடுவில் வந்து நின்றாள்.

"நான் சாட்சி சொல்றேன்" என்றாள்.

நெத்திலிகள் மொத்தமாக அவள் பக்கம் திரும்பின. இவ்வளவு நாளில் அவள் வாயைத் திறந்து சாட்சி சொன்னதே இல்லை.

"பெரியவரே, படைச்சவன் எதையும் வீணாப் படைக்கலைன்னு சொன்னீங்க. சரி. அம்மாம் பெரிய வாயையும் அம்மாம் பெரிய உடம்பையும் உங்களுக்கு எதுக்குக் குடுத்தான்? குகை வாசல்ல உக்காந்து பேசுறதுக்கா?"

கலவாயார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் நண்டின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"கொடுக்கண்ணே, பிழைக்கிறதுக்கு எது உதவுச்சோ அதுதான் நின்னுச்சுன்னு சொன்னீங்க. அதுவும் சரி. இங்க ஒரு உயிரு பிழைக்கணும். உங்க வம்சத்துல நின்ன கொடுக்கு எங்கண்ணே?"

கொடுக்கன் தன் கொடுக்கைப் பார்த்துக்கொண்டான்.

"உங்கள்ல யாரு சொல்றது சரின்னாலும், இப்பச் செய்ய வேண்டியது ஒண்ணுதான். எம்புள்ளைக்கு மூச்சு வேணும்."

இதற்கு மறுப்புச் சொல்ல இரண்டு கட்சியிலும் ஆள் இல்லை. கலவாயார் குகையைவிட்டு வந்த வேகத்தில் நெத்திலிகள் நாலா பக்கமும் சிதறின. வலையை வாய் கொள்ளக் கவ்வி வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார். கல் புரண்டது, வலை விடுபட்டது. ஆனால் சொக்கியின் துடுப்பில் அது சுற்றிய சுற்று அப்படியேதான் இருந்தது. அவளால் நீந்த முடியவில்லை. கண் சொருகிக் கிடந்தாள்.

பூவாயி ஒரு பக்கம் துடுப்பைக் கொடுத்துத் தாங்கினாள். கலவாயார் மறுபக்கம் தலையைக் கொடுத்து முட்டித் தூக்கினார். கொடுக்கன் வலையைப் பற்றியபடியே கூடப் போனான், போகப் போக ஒவ்வொரு கண்ணியாக நறுக்கிக்கொண்டே போனான். அவன் பழைய ஓட்டைக் கழற்றிச் சில நாள்தான் ஆகியிருந்தது. புதுக் கொடுக்கு இன்னும் சரியாக இறுகவில்லை. பாதியில் அதன் நுனி முறிந்தது. அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

சொக்கியின் மூக்கு தண்ணீருக்கு மேலே வந்தது. மூடியே இருந்தது. பூவாயி அவளை உலுக்கினாள், முகத்தால் முகத்தைத் தேய்த்தாள். கடைசிக் கண்ணியும் அறுந்து துடுப்பு விடுபட்ட நேரத்தில், புஸ் என்று ஒரு சத்தம் வந்தது. மூக்கு திறந்தது. சொக்கி காற்றை இழுத்தாள், இருமினாள், மறுபடி இழுத்தாள். பூவாயி வாய்விட்டு அழுதாள். கடல் தண்ணீரில் கண்ணீர் தெரியாது என்பார்கள். அன்று தெரிந்தது.

கலவாயார் பிறந்ததிலிருந்து அவ்வளவு உயரத்துக்கு வந்ததில்லை. வயிறு உப்பிப்போய், கண் பிதுங்கி, பக்கவாட்டில் மிதந்தார். கொடுக்கன் சொக்கியின் முதுகில் உட்கார்ந்திருந்தான். மேலே வெறும் வானம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத வானம். நாலைந்து கடற்காகங்கள் பறந்துபோயின. சபையில் ஒரு நிமிடம் வாய் மூடாத அந்த இரண்டு பேரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் கலவாயார்தான் மெல்லக் கேட்டார்.

"தினமும் இம்புட்டு தூரமா வந்துட்டுப் போற, தாயி?"

"மூச்சு வேணுமே பெரியவரே" என்றாள் பூவாயி.

உப்பிய வயிற்றோடு அவரால் கீழே இறங்க முடியவில்லை. பூவாயிதான் அவரை முதுகால் அமுக்கி அமுக்கிக் குகை வரைக்கும் கொண்டுபோய் விட்டாள்.

அதோடு வழக்கு தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் நீரோட்டம் ஓய்ந்ததும் சபை கூடியது. இருவரும் பழையபடி தொடங்கினார்கள். குகையைவிட்டு நகராத தன்னை வானம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது யார், படைத்தவன்தானே என்றார் கலவாயார். தாய்ப்பாசம் குட்டிகளைக் காப்பாற்றியது, அதனால்தான் அது உலகத்தில் நிலைத்தது, நேற்றுப் பார்த்தோமே என்றான் கொடுக்கன். நெத்திலிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் களைத்தன.

ஆனால் சபை வழக்கத்தில் ஒன்று மாறியிருந்தது. சாட்சிப் பொந்தின் வாயில் வலை இல்லை. பூவாயியோ சொக்கியோ மூச்சு வாங்க எழுந்தால், யார் பேசிக்கொண்டிருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, அவர்கள் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் கலவாயார். உடனே சரி என்றவன் கொடுக்கன்.

பூவாயிக்கும் இப்போது அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. சொக்கியைத் தாங்கித் தூக்கியபோது தன் துடுப்புக்குள் ஐந்து விரல் விரிந்ததுபோல அவளுக்குத் தோன்றியது. கொடுக்கன் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று நினைத்தாள். காலையில் மேலே போய் வானத்தைப் பார்க்கும்போது கலவாயாரையும் தள்ளிவிட மனம் வரவில்லை. எதுவானாலும் இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும் என்று சபையில் புல்லை மென்றபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீயே சொல்லு தாயி, எங்கள்ல யாரு சொல்றது சரி?" என்று கலவாயார் கேட்டார்.

"மூச்சு வாங்கிட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்தாள் பூவாயி. சொக்கியும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். நுனி முறிந்த கொடுக்கைத் தூக்கியபடி கொடுக்கனும், பாதி திறந்த வாயோடு கலவாயாரும், அவர்கள் திரும்பி வரட்டும் என்று பேசாமல் காத்திருந்தார்கள்.

எங்கிருந்து வந்தோம் என்று எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வாதாடலாம், ஆனால் பக்கத்தில் ஓர் உயிருக்கு மூச்சு முட்டும்போது வாதத்தை நிறுத்திவிட்டுக் கை கொடுக்கத் தெரிந்தவரே அறிவாளி.