எந்தக் கால் ஏறவில்லை?

"இந்த மெஷினுக்கு என் மேல அப்படி என்ன கோபம், மாஸ்டர்?" என்று கேட்டார் வேதாசலம்.

முப்பது வருஷம் சட்டை தைத்தவர். காலர் வைப்பதில் வாணியம்பாடியில் அவரை அடிக்க ஆளில்லை என்று பெயர். கடை மூடியதும், ஐம்பத்து நாலாவது வயதில் தோல் பட்டறைக்கு வந்தார். வந்த இடத்தில் அவருக்கு மாஸ்டர், மகள் வயதுள்ள ஷம்ஷாத்.

மின்கம்பம் ஏறும் லைன்மேன்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட்தான் அங்கே வேலை. ஒரு வழக்கமும் உண்டு. தைத்தவரே அதைக் கட்டிக்கொண்டு விட்டத்தில் முதலில் தொங்கிக் காட்ட வேண்டும்.

வேதாசலம் தைத்த இரண்டு பெல்ட்டுகளை ஷம்ஷாத் தொங்கவே விடவில்லை. கத்தியால் அறுத்துப் போட்டுவிட்டாள். மூன்றாவதும் அறுபட்டால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"சமமா இருக்கிற இடத்துல ராஜா மாதிரி போகுது. வளையம் வைக்கிற இடத்துல தோல் தடிக்குதில்ல, அங்க வந்ததும் மக்கர் பண்ணுது. நகராம ஒரே இடத்துல குத்திக் குத்தி ஓட்டை போடுது."

"நீங்க என்ன பண்ணீங்க, அண்ணே?"

"தோலை அமுக்கிப் பிடிக்கிற காலோட அழுத்தத்தை ஏத்தினேன். பின்னாலேருந்து கையால இழுத்தேன். நாலு ஊசி போச்சு."

"எந்தக் கால் ஏறல?"

"கால் ஒண்ணுதானே?"

ஷம்ஷாத் சிரித்துவிட்டாள். வேதாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே?

அவள் மூலையில் கிடந்த தோல் கட்டைக் காட்டினாள். "இதை மாடிக்குக் கொண்டு போங்க."

தலையில் தூக்கி வைத்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறினார். மூணாவது படி தாண்டவில்லை.

"நில்லுங்க!"

ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில்.

"அப்படியே இருங்க. டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

போயே போய்விட்டாள்.

கட்டு கழுத்தை அமுக்கியது. வேதாசலம் மனதுக்குள் அவளைத் திட்டித் தீர்த்தார். திட்டி முடித்தும் அவள் வரவில்லை.

மேல்படிக் காலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். கீழ்க்கால் பாரத்தை வாங்கிக்கொண்டது.

கீழ்க்காலைத் தூக்கினார். மேல்கால் வாங்கிக்கொண்டது.

அப்படியே இரண்டு முறை செய்தார். குனிந்து தன் கால்களையே பார்த்தார்.

கட்டைப் படியிலேயே இறக்கிவிட்டு மெஷினுக்கு ஓடினார்.

நூலைக் கழற்றினார். தடித்த இடத்தை ஊசிக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். கன்னம் பலகையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

கால் ஒன்றல்ல. உள்ளே ஒன்று, அதை அணைத்தபடி வெளியே ஒன்று. உள்கால் கம்பீரமாக எழுந்தது. வெளிக்கால் எழுந்தும் எழாமல், தடிப்பின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

"அடப்பாவமே! ஏற முடியாம நின்ன உன்னையா இத்தனை நாளா அமுக்கினேன்?"

பின்பக்க ஸ்க்ரூவைத் தளர்த்தினார். இரண்டு காலும் சமமாக எழும்வரை தட்டினார், சுற்றினார், மறுபடி தட்டினார். ஒன்று எழ, மற்றது ஊன்றியது. இறுக்கினார். தான் ஏற்றி வைத்த அழுத்தத்தையும் இறக்கினார்.

நூல் கோத்து, மூன்றாவது பெல்ட்டை வைத்து, மிதித்தார்.

தடிப்பு வந்தது. மெஷின் ஏறியது. இறங்கியது. தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது!

வேதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் சட்டை தைத்த அன்றுகூட அவருக்கு இவ்வளவு சந்தோஷமில்லை.

திரும்பினால், வாசலில் டீ கிளாஸோடு ஷம்ஷாத். எப்போது வந்தாளோ?

கிளாஸை வைத்தாள். பெல்ட்டை வாங்கினாள். கத்தியைத் தேடவில்லை. தன் இடுப்பிலேயே அதை இறுக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, விட்டத்துச் சங்கிலியில் கொக்கியை மாட்டினாள்.

"மாஸ்டர்! தைச்சவன்தானே தொங்கணும்!"

அவள் ஸ்டூலை உதைத்தாள்.

சங்கிலி விறைத்து நின்றது. பெல்ட்டில் ஒரு தையல்கூட விடவில்லை. பட்டறையே விசில் அடித்தது.

"நீங்க தையலைக்கூடப் பாக்கலையே!" வேதாசலம் பதறினார்.

அந்தரத்தில் ஊஞ்சலாடிக்கொண்டே ஷம்ஷாத் சொன்னாள்:

"மேடு ஏறும்போது உங்க கையைப் பாத்தேன், அண்ணே. அது இழுக்கவே இல்ல."