ஆள்காட்டி மரத்தைவிட்டு இறங்கிய கதை

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசினார்கள். ஏரிக்குக் கீழ்க்கரை, மேல்கரை என்று இரண்டு கரைகள் உண்டே தவிர, நம்மவர், பிறத்தியார் என்ற சொல் யார் வாயிலும் இல்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி வற்றி, கீழ்க்கரை ஓரமாக ஒரு குட்டையளவு தண்ணீர்தான் மிஞ்சியது. கீழ்க்கரைத் தலைவன் முடியனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏர் பூட்டி, காய்ந்த ஏரியின் நடுவே நெடுகக் கோடு கிழித்தான். இந்தப் பக்கம் நம் நாடு, தாண்டி வருகிறவன் திருடன் என்றான். செம்மூக்கிப் பறவையைக் கூப்பிட்டு, வேலமரத்து உச்சியில் உட்கார்ந்து, ஆள் வந்தால் கத்தச் சொன்னான். நாட்டுக்குக் கண்ணே நீதான் என்றான். செம்மூக்கிக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் மேல்கரைக் குழலி குடத்தோடு வந்தாள். முன்பொரு சமயம் சிறகொடிந்து கிடந்த செம்மூக்கிக்கு ஒரு மாதம் கஞ்சி ஊற்றியவள் அவள்.

"நான்தான். பிள்ளைக்குக் காய்ச்சல். ஒரு குடம் போதும்" என்றாள்.

"தெரியுது அக்கா. ஆனா கோட்டைத் தாண்டிட்டியே" என்றது செம்மூக்கி. பிறகு கத்தியது.

ஆட்கள் ஓடிவந்து குடத்தை உடைத்து அவளைத் துரத்தினார்கள். முடியன் மரத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். பொழுது சாயும்போது மேல்கரையிலிருந்து ஒப்பாரி கேட்டது.

பத்து நாள் கழித்து அடைமழை பெய்தது. ஏரி நிரம்பிக் கோடு கரைந்துபோனது. இனிக் காவல் வேண்டாம் என்று செம்மூக்கி நினைத்தது. முடியனோ படகில் போய், கோடு கிடந்த இடத்தில் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர்தான் வந்துவிட்டதே, இது எதற்கு என்று செம்மூக்கி மரத்திலிருந்தே கேட்டது.

முடியன் தலை நிமிரவில்லை. "அவங்க முகத்துல முழிக்க முடியலே. அதுக்குத்தான்."

அப்போது மேல்கரையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த குழலி மரத்தைப் பார்த்தாள். ஏசவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். செம்மூக்கிக்கு உடம்பெல்லாம் கூசியது. மறைய வேலமரத்துப் பொடி இலை போதாமல், தரைக்கு இறங்கி ஓடியது. கீழ்க்கரைக்காரர்களே அதை ஆள்காட்டி என்று பேர் வைத்துக் கூப்பிட்டார்கள்.

அன்று முதல்தான் ஆள்காட்டி மரத்தில் உட்காருவதில்லை. வெட்டவெளியில் தனியே நடக்கிறது. யாரைக் கண்டாலும் பதறிக் கத்துகிறது. இப்போது கத்துவதெல்லாம், பிடிக்க ஆள் இருக்கிறது என்று வருகிறவரை எச்சரிக்கத்தான்; பேர் மட்டும் மாறவில்லை.