துணைக்கு ஓர் ஆள்

அந்த மடத்தில் முன்பெல்லாம் நாற்பது இலை போடுவார்கள். இப்போது இரண்டே தட்டு. ஒன்று கண்பார்வை போய்விட்ட அடிகளுக்கு, இன்னொன்று சீடர் கோமதிநாயகத்துக்கு. சீடர் என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு வந்து சேர்ந்தவர். சர்க்கரைக்கு மாத்திரை போட ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது.

காலையில் எழுந்ததும் பஞ்சாங்கத்தை எடுத்து, இருப்பதிலேயே பொடி எழுத்தாகப் பார்த்துச் சத்தமாகப் படிப்பார். அடிகளுக்கு நாள் நட்சத்திரம் தெரிந்துவிடும். தன் கண்ணையும் தானே சோதித்துத் தேர்ச்சி கொடுத்துக்கொள்வார்.

அன்றும் படித்து முடித்தார்.

"கண்ணை டாக்டர்கிட்ட காட்டி எம்புட்டு நாளாச்சு வே?" என்று கேட்டார் அடிகள்.

"காட்டினதே இல்ல சாமி. அதான் பொடி எழுத்தெல்லாம் தெளிவாத் தெரியுதே."

"எனக்கும் தெரிஞ்சுது. ஒரு சஷ்டியன்னைக்குக் காலைல இப்படித்தான் பஞ்சாங்கம் படிச்சேன். மறுநாள் முழிச்சா, கண்ணுக்குள்ள மையைக் கொட்டினாப்ல இருந்துச்சு. சர்க்கரை உள்ளுக்குள்ள ரொம்ப நாளா வேலை பார்த்திருக்கு. வருசா வருசம் காட்டியிருந்தா முன்னாலயே கண்டுபிடிச்சிருக்கலாம்னாரு டாக்டர்."

கோமதிநாயகம் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார்.

"இன்னைக்கே போயிட்டு வாரும்."

கோமதிநாயகம் துண்டை எடுத்து உதறி உதறி மடித்தார்.

"பயமா?"

"பயமில்ல சாமி. சித்திரைல டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். சீட்டு எழுதுத புள்ள, கண்ணுல சொட்டு மருந்து விடுவாங்க, நாலஞ்சு மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரியும், வெளிச்சம் கூசும்னு சொல்லிச்சு. கூட யாரு வந்திருக்கான்னு கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தேன்."

"யாரு நின்னா?"

"வேற யாரோ ஒருத்தரு, அவரு சம்சாரத்தோட. எங்க ஆளு வெளிய நிக்காருன்னு சொல்லிட்டு, வந்து பஸ் ஏறிட்டேன்."

முப்பது வருடம், நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஆட்களை 'உள்ளே போ, உள்ளே போ' என்று தள்ளியவர். அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு பெயர் கூடத் தனக்கு இல்லாமல் போனதை அன்றிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை.

அடிகள் சுவரைத் தடவிக் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சட்டையைப் போடும். இந்தத் தடவ அந்தப் புள்ள கேட்டா என் பேரைச் சொல்லும்."

"சாமி, மருந்து விட்டப்புறம் எனக்கும் கண்ணு தெரியாதே. ரெண்டு பேரும் எப்படித் திரும்பி வர?"

"போகையில நீரு என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவும். வரையில நான் உம்மக் கூட்டிட்டு வாரேன். கண்ணு தெரியாம நடக்க எனக்கு ஒம்பது வருசப் பழக்கம் வே."