சாத்திய வாசல்

ஊர்ப்பேர் மறந்துபோச்சு, கதை மட்டும் மிச்சம். ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்ததாம். கட்டிய நாள் முதல் அதன் வாசலைச் சாத்தியதே கிடையாது. மனுசரோ பூனையோ, வந்தவருக்குச் சோறு. தையல்நாயகி அம்மா அங்கே குரு. சீடர் தாண்டவமூர்த்தி அவரைவிட இருபது வயது மூத்தவர்.

ஒருநாள் காலையில் அடுத்த வயலில் கரும்பு வெட்டினார்கள். தாண்டவமூர்த்தி துண்டில் எதையோ பொதிந்துகொண்டு ஓடிவந்தார். கண் திறக்காத காட்டுப்பூனைக் குட்டி.

"தாய் போட்டுட்டு ஓடிருச்சும்மா. நம்ம மடத்துப் பூனை வெள்ளச்சி குட்டி போட்டிருக்கா. அவகிட்ட விட்டா பால் குடுப்பா."

"வெள்ளச்சி நாலு நாளா தும்முறாளே ஐயா."

"தும்மலுக்கு யார் செத்தா?"

"அவ தாங்கிடுவா. ஒட்டிக்கிட்டா இது தாங்காது. எடுத்த இடத்துலயே வைங்க. தாய் வரும்."

குட்டி கிடந்த மூலைக் கரும்பை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லி வெட்டுகிறவர்களிடம் கெஞ்சிவிட்டு, தாண்டவமூர்த்தி குட்டியை அங்கே வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். உச்சி சாய்ந்தபோது திரும்பி வந்தார்.

"நான் எங்க போனாலும் நம்ம ஏழு பூனையும் பின்னாலயே வருது. தாய் வரப்புல எட்டிப் பாக்குது, இதுங்களைக் கண்டு ஓடுது. குட்டிக்குக் கத்தக்கூடத் தெம்பில்லம்மா."

அம்மா எழுந்து கூடத்தில் பால்சோறு வைத்தார். ஏழும் உள்ளே போயின. வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். கீல் முனகியது.

தாண்டவமூர்த்திக்கு முகம் சுண்டிப்போனது.

"யாரையும் தடுக்காத வாசலாச்சே. இதுங்களும் உயிர்தானே?"

"இதுங்களுக்குச் சோறு உள்ள இருக்கு. அதுக்குத் தாய் வெளியில இருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"மாட்டு டாக்டர் வந்து ஊசி போடட்டும். அப்புறமும் சாயங்காலமானா உள்ளதான், காட்டுப்பூனை நடமாடுற நேரம்."

"பூனைக்குக் காவல் இருக்கிற மடம்னு ஊர் சிரிக்கும்."

"இப்ப மட்டும்? பூனை மடம்னுதானே பேரு."

உள்ளே வெள்ளச்சி கதவைப் பிறாண்டினாள். தாண்டவமூர்த்தி காதைப் பொத்திக்கொண்டு வரப்பையே பார்த்தார்.

வெயில் தாழ்ந்தது. வரப்போரம் வயிறு தரையில் உரசத் தாய் வந்தது. காது நுனியில் கறுப்பு மயிர். நின்றது, சுற்றிப் பார்த்தது, கரும்புக்குள் நுழைந்தது. வெளியே வந்தபோது வாயில் குட்டி தொங்கியது. கால்கள் அசைந்தன. இரண்டும் நாணலுக்குள் மறைந்தன.

தாண்டவமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க கொண்டுபோகும்மா? தெரிஞ்சா தினம் கொஞ்சம் பால் வெச்சுட்டு வருவேன்."

"நமக்குத் தெரியாத இடத்துக்குத்தான் ஐயா. அதனாலதான் பிழைச்சுக்கும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாணல் பக்கம் திரும்பாமல், மாட்டு டாக்டர் வீட்டை நோக்கி நடந்தார்.