மண் நிரப்பிய பாதக்குறடு

வெகு வெகு காலத்துக்கு முன்னால், கடலுக்கு இந்தப் பக்கம் பொன்னகரம் என்று ஒரு பெரிய ராஜ்ஜியம் இருந்தது. அந்தப் பக்கம் சுனைநாடு என்று ஒரு சின்ன ராஜ்ஜியம். சின்ன ராஜ்ஜியத்தின் பாட்டைக் கேட்க வேண்டுமா? வருஷத்துக்கு ஒரு ராஜா. நேற்று முடிசூடியவன் இன்று ஓட்டம் பிடிப்பான்.

அந்த நாட்டுச் சுனைமலையில் தீவாயன் என்றொரு மந்திரவாதி வந்து குடியேறினான். மனம் கொதித்துப்போய் மலையேறும் இளைஞர்களிடம் மூன்றே மூன்று கேள்வி கேட்பான்.

"உன்னை யார் விசாரித்தார்? உன்னைத் தேடி யார் வந்தார்? உனக்காக யார் காத்திருக்கிறார்?"

மூன்றுக்கும் "யாரும் இல்லை" என்று சொன்னவன் நின்ற இடத்திலேயே கரிய ஓநாயாகிவிடுவான். பிறகு அவன் இறங்கிவந்து கடித்துக் குதறுவது சொந்த ஊரைத்தான்.

ஓநாய்கள் கடல் தாண்டி வந்துவிடுமோ என்று பொன்னகரத்துச் சக்கரவர்த்திக்குக் கிலி பிடித்தது. கோதைநாச்சி என்ற கெட்டிக்காரப் பெண்ணைச் சுனைநாட்டுக்குத் தூதராக அனுப்பினார். அரண்மனை மாந்திரீகர் அவளுக்குக் காலில் மாட்டிக்கொள்ள ஒரு ஜோடி மரப் பாதக்குறடு கொடுத்தார். கட்டையைக் குடைந்து உள்ளே பொன்னகரத்து மண்ணை அடைத்திருந்தார்.

"நம் மண் இருக்கும் இடத்தில் வாளும் விழாது, தீயும் விழாது. அந்நிய மண்ணில் நிற்கிறவர்கள் பேச்சும் உன் காதில் விழாது. நிம்மதி! ஆனால் இதைக் கழற்றாதே. இந்த மண் இல்லாமல் திரும்பினால் நம் கோட்டைக் கதவு உனக்குத் திறக்காது" என்றார்.

சுனைநாட்டு ராஜாவின் சிம்மாசனத்தடியில் மட்டும் ஒரு கூடைப் பொன்னகர மண்ணைக் கொட்டி வைத்தார்கள். ஆகவே அந்த நாட்டிலேயே கோதைநாச்சிக்குக் கேட்ட குரல் ராஜாவின் குரல் ஒன்றுதான். மூன்று வருஷத்தில் மூன்று ராஜாக்கள் வந்தார்கள். மூன்று பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்.

"எல்லாம் நலம். ஓநாய்களை நான் பார்த்துக்கொள்கிறேன். வாள் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்."

கோதைநாச்சி அப்படியே எழுதினாள். கப்பல் கப்பலாக வாள் வந்தது. அந்த வாளை வைத்துக்கொண்டு ராஜாவின் சேவகர்கள் தண்ணீர்த் துறைகளை மறித்தார்கள், தண்ணீர் கேட்டவனை அடித்தார்கள். அடிபட்டவன் மலையேறினான். ஓநாய்கள் பெருகின. வாள் போதவில்லை போலிருக்கிறது என்று சக்கரவர்த்தி இன்னும் வாள் அனுப்பினார். புத்தியைப் பாருங்கள்!

உயர்ந்த மதிலுக்குள் கோதைநாச்சி தனியாக உண்டாள், தனியாக உறங்கினாள். சந்தைக்குப் போனால் வாய்கள் அசையும், சத்தம் இருக்காது. ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும் என்று அடுப்படியில் பானை சட்டிகளோடு பேசினாள். அவளுக்குத் தன் குரலே அலுத்துப்போனது.

தினமும் காலையில் தண்ணீர்க்காரப் பெண் ஒருத்தி வந்து தொட்டியை நிரப்பிவிட்டு அவள் முன்னால் நின்று வாயசைப்பாள். கோதைநாச்சி புன்னகையோடு தலையாட்டுவாள். பொன்னகரத்தில் அது வெறும் மரியாதை. அந்தப் பெண்ணும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள்.

ஒரு நாள் சக்கரவர்த்தியின் பருந்து ஓலை கொண்டுவந்தது. "மூன்றாம் நாள் மாலை சுனைநாட்டின்மேல் அக்கினி அஸ்திரம் விடுகிறோம். ஓநாயும் மிஞ்சாது, ஊரும் மிஞ்சாது. நீ கப்பலேறு."

கோதைநாச்சி மூட்டை கட்டினாள். தண்ணீர்க்காரி வழக்கம்போல வந்தாள், வாயசைத்தாள். இத்தனை வருஷம் இருந்துவிட்டு ஒரு மனுஷக் குரலைக்கூடக் கேட்காமல் போவதா? சட்டென்று கோதைநாச்சி குறட்டைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் வைத்தாள்.

"...சாப்பிட்டீங்களா தாயி? எம்மவன் இருளப்பன் விசயத்த ஒங்க ராசாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

கோதைநாச்சி திகைத்துப்போனாள். "என்ன விஷயம் அக்கா?"

"என்ன தாயி இப்படிக் கேக்குறீங்க! தண்ணி கேக்கப் போனவன அடிச்சுத் தொரத்துனாங்க. மலையேறி ஓநாயாப் போயிட்டான். அவன மீட்டுத்தரச் சொல்லி மூணு வருசமா தெனமும் கேக்குறேன். நீங்களும் தெனமும் தலையாட்டுறீங்களே! எங்க நாட்டுல தலையாட்டுனா வாக்குக் குடுத்த மாதிரி. அத நம்பித்தான இருக்கேன்."

கோதைநாச்சிக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று வருஷமாக, தெரியாமலே, நாளுக்கொரு வாக்குக் கொடுத்திருக்கிறாள்!

"உங்கள் பேர் என்ன அக்கா?"

"சடைச்சி."

"வாருங்கள் சடைச்சியக்கா, மலைக்குப் போவோம்."

குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். வழியில் வீடு வீடாக நின்றாள். ஒவ்வொரு வீட்டிலும் விசாரித்தாள், ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் மனப்பாடம் செய்தாள். தாய்மார்கள் ஒவ்வொருவராகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் நாள் சுனைமலை அடிவாரத்தில் அவர்களை நிறுத்திவிட்டுத் தனியாக ஏறினாள்.

உச்சியில், சுனைக்கரையில், ஓநாய்கள் சூழ உட்கார்ந்திருந்தான் தீவாயன்.

"வா, தனியாளே! உன்னை யார் விசாரித்தார்?"

"சடைச்சி விசாரித்தாள். சாப்பிட்டாயா என்று தினமும் கேட்டாள்."

"உன்னைத் தேடி யார் வந்தார்?"

"சடைச்சி வந்தாள். ஒரு நாள் தவறவில்லை."

தீவாயன் சிரித்தான். "உனக்காக யார் காத்திருக்கிறார்?"

கோதைநாச்சி யோசித்தாள். பொன்னகரத்தில் அவளுக்கு வீடு உண்டு, விளக்கேற்ற ஆள் கிடையாது. பொய் சொல்லவும் நாக்கு வரவில்லை. புறங்கையில் கரிய மயிர் முளைத்தது, நகம் நீண்டது. ஆனாலும் ஓநாய்களைப் பார்த்துக் கத்தினாள்.

"எனக்காக யார் என்று தெரியாது! ஆனால் இருளப்பா, உனக்காக உன் அம்மா காத்திருக்கிறாள்! மாடக்கண்ணு, உனக்காகக் காத்திருக்கிறார்கள்! வெள்ளைச்சாமி, உனக்காகவும்! அவர்கள் சொன்னதை நான்தான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது!"

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "எலே இருளப்பா, எறங்கி வாடா! தாயி, நீங்களும் வாங்க! நான் இங்கதான் நிக்கேன்!"

கோதைநாச்சி அழுதுகொண்டே சொன்னாள். "கேட்டாயா தீவாயா? எனக்காகவும் ஒருத்தி காத்திருக்கிறாள்!"

அவள் கை மனுஷக் கையானது. ஓநாய்களின் தோல் ஒவ்வொன்றாக உரிந்து விழ, உள்ளேயிருந்து மெலிந்த பையன்கள் எழுந்து நின்றார்கள். "யாரும் இல்லை" என்று சொல்ல ஆளில்லாமல் தீவாயன் சிறுத்துச் சிறுத்துக் கரித்துண்டாகிப் போனான்.

அதற்குள் வானம் சிவந்தது. அக்கினி அஸ்திரம் வந்துகொண்டிருந்தது! கோதைநாச்சி கையிலிருந்த குறட்டைப் பார்த்தாள். போட்டுக்கொண்டால் அவள் பிழைப்பாள், அவள் மட்டும். பாறையில் ஓங்கி அடித்து இரண்டையும் உடைத்தாள். சொந்த ஊர் மண்ணை ஒரு முறை முகர்ந்தாள், சுனையில் கொட்டினாள். மண் கலந்த தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக நாடு முழுக்க ஓடியது.

அஸ்திரம் மேலே வந்து வட்டமடித்தது. எங்கே பார்த்தாலும் பொன்னகர மண். விழ இடமில்லாமல் திரும்பிப்போய்க் கடலில் விழுந்து அணைந்தது.

கடிபட்ட ஊர்கள் அந்தப் பையன்களுக்கு அத்தனை சீக்கிரம் கதவு திறக்கவில்லை. ஆனாலும் மெல்ல மெல்லத் திறந்தன. பொன்னகரத்தின் கதவு கோதைநாச்சிக்குத் திறக்கவே இல்லை. சில மாலைகளில் அவள் கடற்கரையில் நின்று அந்தப் பக்கம் பார்ப்பாள், மனசு கனத்துப்போகும்.

ஆனால் மலையிலிருந்து ஊர் திரும்பிய மறுநாள் காலையே வழக்கம்போலச் சடைச்சி வந்தாள், பின்னால் இருளப்பன் குடம் சுமந்து வந்தான்.

"சாப்பிட்டீங்களா தாயி?"

கோதைநாச்சி தலையாட்டவில்லை. வாயைத் திறந்து, "இல்லை அக்கா, இன்னும் சாப்பிடவில்லை" என்றாள்.

"அப்ப எங்க வீட்டுக்கு வாங்க."

போனாள், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், வயிறாரச் சாப்பிட்டாள். கதை கேட்டவர்களே, நீங்களும் பக்கத்தில் இருக்கிறவரைச் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.